தேனுவுக்கு ஓர் இழை

சூட்கேஸ் நிறையப் பொரி கொண்டு வந்த பயணி, அன்றைய விமானத்தில் சீதை ஆச்சி ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். நெல்பொரி, சோளப்பொரி, கம்புப்பொரி, எள்ளுப்பொரி என்று தனித்தனிப் பொட்டலம். சைகோன் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி என்ன கேட்பதென்று தெரியாமல், ஒரு பிடி அள்ளி முகர்ந்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டானாம். பிள்ளையார் நோன்புக்கு வேண்டிய எதையும் ஆச்சி ஊரில் விட்டு வரவில்லை. ஆவாரம்பூவைக்கூட உலர்த்தி எடுத்து வந்திருந்தார்.

பொரியோடு ஒரு பேச்சையும் கொண்டு வந்திருந்தார். அதுதான் தம்பி மனைவி தெய்வானையின் தொண்டையில் முள்ளாக நின்றது.

"தேனுவ நான் தேவகோட்டைக்குக் கூட்டிட்டுப் போறேன் தம்பி. நீங்க ரெண்டு பேரும் இந்த ஊர்ல கிடந்து தவிச்சது போதும்."

அக்காவை ஆச்சி என்றே கூப்பிட்டுப் பழகிய தம்பி ஆதப்பன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பார்ப்போம் ஆச்சி" என்றான். கல்யாணமான நாளிலிருந்து தெய்வானை கேட்ட 'பார்ப்போம்' எல்லாம் கடைசியில் 'சரி'யில்தான் போய் முடிந்திருக்கின்றன. மிளகு ஏற்றுமதி ஆபீஸைப் பார்த்துக்கொள்ள இந்த ஊருக்கு வந்ததே அப்படி ஒரு 'பார்ப்போம்'தான்.

மகள் தேனம்மைக்கு ஆறு வயது. பிறந்த நேரத்தில் மூச்சு வரத் தாமதமானதில் மூளையில் பட்ட அடி, செரிப்ரல் பால்சி என்ற பெயரோடு அவள் உடம்பில் தங்கிவிட்டது. புத்தியில் ஒரு குறையும் கிடையாது. அப்பச்சி ஆதப்பன் பொய் சொன்னால் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவாள். உடம்புதான் அவள் சொன்ன பேச்சைக் கேட்காது. கால் இறுகும், முதுகு தளரும், தலை தன் இஷ்டத்துக்குச் சாயும்.

அதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது நெஞ்சுச் சளி. இந்த வருஷம் மட்டும் அது நுரையீரல் வரைக்கும் இறங்கி மூன்று தடவை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது. போன வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. வாயில் கொடுப்பதில் கொஞ்சம் கொஞ்சம் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகிறது, இன்னொரு தடவை இப்படி வந்தால் வாய்வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

பால்பணியாரத்தை நாக்கில் வைத்தால் கண்ணை மூடிச் சிரிக்கிற பிள்ளை. அதற்குக் குழாயிலா சாப்பாடு?

அப்படியென்றால் யாருடைய கை தப்பு செய்கிறது? முதலில் தெய்வானை ஹானைச் சந்தேகப்பட்டாள். ஹான், குச்சி என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்து வீட்டோடு இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள். டி.வி.யில் ஒரு கண் வைத்துக்கொண்டே ஊட்டுகிறாள் என்று, இரண்டாம் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டாள். ஹான் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். அந்த இடத்தில் உதவிக்கென்று ஆச்சி வந்தார். ஆச்சி வந்த பிறகும் காய்ச்சல் வந்தது. சந்தேகம் மட்டும் ஆளை மாற்றிக்கொண்டு அதே வீட்டில் உட்கார்ந்திருந்தது.

இன்று நோன்பு.

காலையில் ஹாலில் பாயை விரித்து, உருளைத் தலையணையின் மேல் தேனுவைக் குதிரை ஏறுகிற மாதிரி உட்கார வைத்திருந்தாள் தெய்வானை. பிசியோதெரபி சொல்லித் தரும் ஒடெட் பழக்கிய பயிற்சி அது. பின்னால் உட்கார்ந்து இடுப்பை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையணையை மெல்ல ஒரு பக்கம் உருட்ட வேண்டும். விழப்போகிற பக்கத்துக்குப் பிள்ளையின் கை தானாக நீண்டு ஊன்ற வேண்டும். மாதக்கணக்கில் உருட்டியும் அந்தக் கை முஷ்டியை மூடிக்கொண்டு மடியிலேயே கிடந்தது.

இன்றைக்கு உருட்டினாள். தேனு சாய்ந்தாள். சாய்ந்தவளின் வலது கை விரிந்து, பாயில் பட்டென்று ஊன்றியது.

"இங்க பாருங்க! கை வந்துருச்சு! தேனு கை வச்சுட்டா!"

ஆதப்பன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். நகரின் சோலோன் பகுதியில் ஒரு தச்சுப் பட்டறையில் தேனுவுக்கென்று அளவெடுத்துச் செய்யச் சொன்ன நாற்காலி தயாராகிவிட்டது. அதை எடுத்து வரத்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தான். மகளைப் பார்த்து அவன் முகம் மலர்ந்தது நிஜம். ஆனால் அடுத்த நிமிஷமே சுருங்கிவிட்டது.

"ஆச்சிக்கு ஞாயித்துக்கிழமை ஃப்ளைட். தேனுவுக்கும் சேர்த்துப் போட்டுரவான்னு டிராவல்ஸ்காரன் கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாயங்காலம் கூப்பிடு, சொல்றேன்னேன்."

"அதுக்கென்ன அர்த்தம்?"

"சாயங்காலம் சொல்றேன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டான். ஊன்றிய கையை எடுக்கத் தெரியாமல் தேனு அப்படியே சாய்ந்து கிடந்தாள்.

அடுப்படியில் ஆச்சி பச்சரிசி மாவில் வெல்லத்தையும் நெய்யையும் விட்டு இழைமாவு பிசைந்துகொண்டிருந்தார். புது வேட்டியிலிருந்து உருவிய இருபத்தொரு நூலைத் திரித்துத் திரியாக்கி, அதை மாவுக்குள் செருகி ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுப்பது. வீட்டில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க, சின்னவர்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இன்னைக்கு என் கையால தேனுவுக்கு இழை கொடுத்துடறேன். அதுக்கப்புறம் பிள்ளையார் பாத்துக்குவாரு" என்றார் ஆச்சி.

"திரியும் தீயும் அவளால விழுங்க முடியாது ஆச்சி. அவளுக்கும் சேர்த்து நானே ரெண்டு இழை எடுத்துக்கிறேன். அவ வயித்துல இருந்தப்ப எடுத்த மாதிரி."

"நல்லா இருக்கே! வெளிய வந்த பிள்ளைக்கும் நீயே எடுப்பியா? அவ ஒரு ஆளு இல்லையாக்கும்?"

மேலே பேசினால் வார்த்தை தடித்துவிடும் என்று பயந்து, தெய்வானை துவைத்த துணியை அள்ளிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

பாதித் துணிதான் காயப்போட்டிருப்பாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. தண்ணீரில் முங்கியவர்கள் மூச்சுக்குத் தவிக்கிற இருமல்.

ஓடி வந்து பார்த்தாள். சோபாவில் ஆச்சி. ஆச்சியின் கையில் மல்லாந்து கிடந்தாள் தேனு. ஆச்சியின் இடது கை பிள்ளையின் தாடையை மேலே தூக்கிப் பிடித்திருந்தது. வலது கையில் வெள்ளிச் செம்பு. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறதுதான் ஆச்சிக்குத் தெரிந்த ஒழுங்கு. அதுவும் நோன்பு நாளில் கேட்கவே வேண்டாம். பிள்ளையின் முதுகு வில்லாக வளைந்து, கண்மணி மேலே செருகி, முகம் கன்றிப் போயிருந்தது.

தெய்வானை பிள்ளையைப் பறித்தாள். செம்பு தரையில் உருண்டது. தேனுவை முன்பக்கம் சாய்த்து, தாடையைக் கீழே இறக்கி, நெஞ்சைத் தாங்கிக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை இருமினாள். மறுபடியும் இருமினாள். கடைசியில் ஒரு நீண்ட மூச்சு வந்து அழுகை வந்தது. அழுகை வந்த பிறகுதான் தெய்வானைக்கு உயிர் வந்தது. உயிரோடு கோபமும் வந்தது.

"எத்தனை தடவை சொன்னேன்! அண்ணாந்து ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கன்னு! எம்பிள்ளையக் கொன்னுட்டுத்தான் ஊருக்குப் போவீங்களா?"

சொன்ன பிறகு அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. அள்ள முடியாத வார்த்தை.

உருண்டு கிடந்த செம்பை ஆச்சி எடுத்து வைத்தார். சிந்திய தண்ணீரைத் துடைத்தார். அடுப்பில் எதுவும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் சூட்கேஸின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

ஆதப்பன் பைக்கின் பின்னால் நாற்காலியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, வாசலுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் நின்றது. அதன் பக்கத்தில் ஆச்சி நின்றார்.

"தம்பி, சாயங்காலம் என்னைத் தண்டாயுதபாணி கோயில்ல கொண்டு விட்டுரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்கன இருந்துக்கறேன்."

"என்னாச்சு ஆச்சி? இன்னைக்கு நோன்பில்ல?"

"நோன்பை விட்டுட்டா போவேன்? இழையக் கொடுத்துட்டுத்தான் போறேன்."

மீதியை ஆதப்பன் அடுப்படியில் மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். தெய்வானை ஒளிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

"கொன்னுட்டுன்னா சொன்னே? என் ஆச்சியப் பாத்தா?"

"நீங்க அந்த நேரத்துல இருந்திருக்கணும். பிள்ளை நீலம் பாரிச்சிருந்தா."

"ஹானையும் இப்படித்தான் விரட்டினே. இப்ப ஆச்சி. அடுத்தது யாரு, நானா?"

"நான் விரட்டலை. எம்பிள்ளையக் காப்பாத்துறேன்."

"யாரையுமே நம்ப மாட்டேங்கிறியே தெய்வானை. ஒத்தை ஆளா எத்தனை நாளைக்குக் காப்பாத்துவே?" ஆதப்பனின் குரல் இறங்கியது. அவன் குரல் உயரும்போது அவளுக்குப் பயம் கிடையாது. இறங்கும்போதுதான் பயம். "அங்க வீடு நிறைய ஆளு இருக்காக. டாக்டர் இருக்காக. டிக்கெட்டைப் போடச் சொல்லிடறேன். கோபத்துல சொல்லலை. யோசிச்சுத்தான் சொல்றேன்."

"ஆறு வருஷமா எங்கையில வளர்ந்த பிள்ளைங்க அது."

"தெரியும். எனக்கும் பிள்ளைதான்."

அழைப்பு மணி அடித்தது. ஒடெட் வந்துவிட்டாள்.

ஒடெட்டின் அப்பா கப்ரியேல் காரைக்கால்காரர். எழுபத்தைந்தில் சைகோன் கைமாறியபோது, பிரான்சுக்குப் போகலாம் என்று எல்லாரும் மூட்டை கட்டினார்கள். அவர் மட்டும் வியட்நாமிய மாமியாரின் சமையலை விட்டு வர மாட்டேன் என்று இருந்துவிட்டாராம். மகளுக்கு அப்பாவின் தமிழும் அம்மாவின் முகமும் வாய்த்தன. பிள்ளைகளுக்கான மறுவாழ்வு மையம் ஒன்றில் பிசியோதெரபிஸ்ட். அட்டையை வெட்டி, தேனுவின் உடம்பில் வைத்துப் பார்த்து, நாற்காலிக்கு அளவு கொடுத்தவள் அவள்தான்.

வீட்டின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று ஒடெட்டுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலியின் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"அலோர், சரி, பிள்ளையக் கொண்டாங்க. முதல்ல இடுப்பு."

தேனுவின் இடுப்பை நாற்காலியின் பின்பலகையோடு ஒட்டிக் கொண்டுபோய் வைத்தாள். தொடை இடுப்போடு சேருகிற மடிப்பில் அகலமான பட்டையைக் குறுக்கே போட்டு இறுக்கினாள். காலடியில் பலகையைக் கொடுத்து, பாதம் இரண்டும் முழுசாகப் பதிகிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். முன்னால் ஒரு தட்டைப் பொருத்தி, அதன் மேல் முழங்கையை எடுத்து வைத்தாள்.

"இடுப்பு வழுக்கிட்டே போனா தலை எங்க நிக்கும்? இப்ப பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். யாரும் தொடாமலே தேனுவின் தலை மெல்ல எழுந்தது. ஆடியது. ஒரு பக்கம் சாயப் பார்த்தது. பிறகு நின்றது. தாடை லேசாகக் கீழே இறங்கி, கண் நேராக வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாகப் பிள்ளை யார் மடியிலும் இல்லாமல், யார் கையிலும் சாயாமல், சபையில் ஓர் ஆளாக உட்கார்ந்து எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

ஆதப்பன் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினான். அறை வாசலில் ஆச்சி வந்து நின்றதைத் தெய்வானை கவனித்தாள்.

ஒடெட் பிள்ளைக்கு முன்னால் தாழ்வாக உட்கார்ந்து, கெட்டித் தயிரைக் கரண்டி நுனியில் எடுத்தாள். கீழேயிருந்து கொண்டுபோனாள். தேனு அதைப் பார்க்கக் குனிந்தாள். குனிந்த வாயில் கரண்டி போயிற்று. உதடு மூடியது. விழுங்குகிற வரைக்கும் ஒடெட் காத்திருந்தாள். இருமல் இல்லை.

"பார்த்தீங்களா?" என்றாள் தெய்வானை. ஒடெட்டைப் பார்த்துச் சொன்னதுபோல் இருந்தாலும், குரல் போய்ச் சேர வேண்டிய இடம் அறை வாசல்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. "இதைத்தான் நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தலை பின்னால போகவே கூடாது. அண்ணாந்து ஊத்துறவங்க கையில கொடுத்தா பிள்ளைக்கு வேற என்ன ஆகும்?"



மத்தியான மருந்துக்கு நேரமாகிவிட்டது. தசை இறுக்கத்துக்கு மூன்று வேளையும் கொடுக்கிற சிரப். தெய்வானை அலமாரியிலிருந்து பாட்டிலையும் பாலாடையையும் எடுத்தாள். தேனு பிறந்ததற்குத் தெய்வானையின் ஆத்தா வீட்டில் செய்து போட்ட வெள்ளிப் பாலாடை அது. மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். பட்டையை அவிழ்த்தாள். பிள்ளையைத் தூக்கித் தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டாள். தலை இடது முழங்கையின் மடிப்பில் விழுந்தது. விரல் தாடையைத் தூக்கியது. பாலாடையின் மூக்கைக் கடைவாயில் வைத்துச் சரித்தாள். ஆறு வருஷத்துப் பழக்கம், கை பாட்டுக்குச் செய்தது.

தேனு லேசாக இருமினாள். சின்ன இருமல்தான்.

ஒடெட்டின் கை வந்து தெய்வானையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"மருந்து எப்பவுமே இப்படியா கொடுப்பீங்க?"

"எப்படி?"

கேட்டுவிட்டுத் தெய்வானை குனிந்து பார்த்தாள். மடியில் பிள்ளை மல்லாந்து கிடந்தது. கழுத்து பின்னால் சரிந்திருந்தது. தாடை மேலே தூக்கியிருந்தது. முதுகு வில்லாக வளைய ஆரம்பித்திருந்தது. காலையில் ஆச்சியின் கையில் எப்படிப் பார்த்தாளோ, அதே மாதிரி. செம்புக்குப் பதில் பாலாடை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சோறு ஊட்டுறதை எனக்குச் செஞ்சு காட்டினீங்க. நல்லா செஞ்சீங்க" என்றாள் ஒடெட் மெதுவாக. "மருந்தை நானும் கேக்கல."

"மருந்து சாப்பாடு இல்லையே..." தெய்வானையின் வாய் தானாகச் சொல்லிப் பாதியில் நின்றது.

"இதுனாலதான் சளின்னு நான் சத்தியம் பண்ண முடியாது. விழுங்குறதை எக்ஸ்ரேல பாத்துத்தான் சொல்லணும். ஆனா தண்ணி மாதிரி இருக்கிற எதுவும் இப்படிப் போனா, நெஞ்சுக்குள்ள போக வாய்ப்பு நிறைய."

காலை, மதியம், இரவு. ஹான் இருந்தபோதும், ஹான் போன பிறகும். ஆச்சி வருவதற்கு முன்பும், வந்த பின்பும். ஆள்கள் மாறினார்கள். மருந்து கொடுக்கிற கை மாறவே இல்லை. மருந்து விஷயத்தில் மட்டும் யாரையும் நம்பாமல், தன் கையாலேயே கொடுத்து வந்திருக்கிறாள் அவள்.

பஸ் படிக்கட்டில் திரும்பிப் பார்த்த ஹானின் முகம் தெய்வானையின் கண்ணில் வந்து நின்றது. போனை எடுத்தாள். ஹானின் எண்ணைத் தேடி எடுத்தாள். என்னவென்று பேசுவது? எந்த மொழியில் பேசினாலும் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும். இப்போது இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பிள்ளையை நிமிர்த்தித் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

ஒடெட் போன் போட்டு யாரிடமோ பேசிவிட்டு, மீதி மருந்தைத் தயிரில் குழைத்தாள். "ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன், தயிர்ல கலக்கலாம்" என்று சொல்லி, நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுக்கக் காட்டிவிட்டுக் கிளம்பினாள். போகும்போது தெய்வானையின் தோளில் கை வைத்தாள். "அழுறதுன்னா அழுங்க. ஆனா பிள்ளை முன்னால வேணாம், அது உங்களையேதான் பாக்குது."

சாயங்காலம் வந்தது. பிள்ளையாருக்கு ஆவாரம்பூச் சாத்தி, பொரியும் பணியாரமும் படைத்து, கோலத்தின் நடுவில் குத்துவிளக்கு எரிந்தது. ஆதப்பன் புது வேட்டியில் நின்றான். தேனு நாற்காலியில் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்திருந்தாள். சூட்கேஸ் வாசலிலேயே நின்றது.

ஆச்சி முதல் இழையை ஏற்றப் போனார்.

"ஆச்சி, ஒரு நிமிஷம்." தெய்வானை முன்னால் வந்தாள். "விளக்கு முன்னால சொல்லிடறேன். காலையில உங்களை நான் சொன்ன வார்த்தை என்னைச் சொல்லியிருக்க வேண்டியது. இத்தனை நாளும் மூணு வேளையும் அவளை அண்ணாந்து குடிக்க வச்சது நான்தான். என் ஆத்தா வீட்டுப் பாலாடையில, என் கையால. ஹானை விரட்டினேன். உங்களைப் பேசக் கூடாத பேச்சுப் பேசினேன். என்னை மன்னிச்சுருங்க."

சொல்லிவிட்டு ஆச்சியின் காலில் விழுந்தாள். ஆதப்பன் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு நின்றுவிட்டான்.

ஆச்சி குனிந்து அவள் தோளைத் தொட்டார்.

"எந்திரி. நானுந்தான் ஊத்தினேன். நீ தெரியாம ஊத்தினே. நான் நீ சொல்லியும் கேக்காம ஊத்தினேன். இதுல யாரு யாரை மன்னிக்கிறது?" பிறகு மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டார். "எந்திரித்தா, மாவு காயுது. பிள்ளைக்கு எப்படிக் கொடுக்கணும்னு சொல்லு. நீ சொல்ற மாதிரி கொடுக்கறேன்."

"திரி வேணாம் ஆச்சி."

"திரி எனக்கு. அவ பங்குத் திரிய நான் எடுத்துக்கறேன். மாவு அவளுக்கு. பிள்ளையார் கோவிச்சுக்கிட்டா என்னைக் கோவிச்சுக்கட்டும்."

ஒடெட் உட்கார்ந்த மாதிரியே ஆச்சி தரையில் உட்கார்ந்தார். மூட்டுவலிக்காரர், உட்காருவதற்குள் இரண்டு தடவை முனகினார். சுடரோடு ஓர் இழையைத் தேனுவின் முன்னால் காட்டினார். அந்த வெளிச்சத்தைப் பார்க்கப் பிள்ளை குனிந்தாள். எரிகிற திரியை உருவித் தன் வாயில் போட்டுக்கொண்டு, மாவில் மிளகளவு எடுத்து, கீழேயிருந்து கொண்டுபோய்த் தேனுவின் உதட்டில் தடவினார்.

நாக்கு வெளியே வந்தது. மாவைத் தொட்டு உள்ளே போயிற்று. உதடு மூடியது. தொண்டை ஏறி இறங்கியது.

இருமவில்லை. கண்ணை மூடிச் சிரித்தாள். "அய்த்..." என்றாள். அயித்தை என்று சொல்ல அவளுக்கு வருகிற அளவு அதுதான். ஆச்சி வாயில் இழையை வைத்துக்கொண்டே அழுதார்.

ஆதப்பனும் தெய்வானையும் ஆச்சி கையால் இழை வாங்கிக்கொண்டார்கள். ஆதப்பன் போய் வாசலில் நின்ற சூட்கேஸைத் தூக்கி உள்ளே வைத்தான். அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான்.

"டிராவல்ஸ்காரன்" என்றான். ஆச்சியைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

தெய்வானை அவனுக்குப் பதில் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் தேனுவைத் தூக்கப் பட்டையை அவிழ்த்த கை, பிள்ளையின் கழுத்தில் பட்டு நின்றது. சூடு. விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சூடாக இருக்கும் என்று நெற்றியைத் தொட்டாள். நெற்றி இன்னும் சுட்டது. காதை நெஞ்சில் வைத்தாள். மூச்சுக்குள் மெல்லிய கரகரப்பு.

காலையில் போன செம்புத் தண்ணீரா? மத்தியானம் போன பாலாடை மருந்தா? இன்னொரு தடவை வந்தால் குழாய்தான் என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. நேற்றுவரை இந்த இடத்தில் அவள் கண் இன்னொரு ஆளைத் தேடிப் போயிருக்கும். இன்றைக்குத் தேடவில்லை. பிள்ளையை நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொண்டு, முதலில் வாயில் வந்த பேரைக் கூப்பிட்டாள்.

"ஆச்சி! இங்க வாங்களேன்... பிள்ளைக்கு உடம்பு சுடுது ஆச்சி!"

மூட்டுவலியை மறந்து ஆச்சி எழுந்து ஓடி வந்தார். ஆதப்பனின் கையில் போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.